குசினிக் கொம்பியூட்டரில் இருந்த ஐவர்

யாக்கோப்புக்கு இங்கிலீசு வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஊர்காவற்துறை இறங்குதுறையில் வள்ளத்து எஞ்சினுக்குள் கையை விட்டவன். ஆனால் 2005ஆம் ஆண்டில் வேலணையிலிருந்து நயினாதீவு வரைக்கும் யார் வீட்டில் கொம்பியூட்டர் படுத்தாலும் அவனைத்தான் தேடினார்கள். இங்கிலீசு தெரியாமல் இதையெல்லாம் எப்படித் திருத்துகிறாய் என்று கேட்டால் அவனிடம் ஒரே பதில்தான்.

"எஞ்சின் என்ன, இங்கிலீசிலையே இருமுறது?"

சண்டைக் காலத்தில், பெரிய எஞ்சின் கடலில் ஓடக்கூடாது என்று தடை இருந்தபோது, அவன் கை சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற கை அரிக்கும். முதலில் ரேடியோவைக் கழற்றினான், பிறகு ரீ.வி. சண்டை நின்று பாதை திறந்தபிறகு கொழும்பிலிருந்து பழைய கொம்பியூட்டர்கள் வந்து இறங்கின, அவற்றையும் கழற்றினான். திரையில் வரும் இங்கிலீசை அவன் வாசிப்பதில்லை. சந்தையில் ஆளை அறிவதுபோல முகம் பார்த்து அறிவான். இது நல்ல செய்தி, இது கெட்ட செய்தி, இது சும்மா வெருட்டு. வாசித்தே ஆகவேண்டும் என்ற இடம் வந்தால் எழுத்துக் கூட்டி உரத்து வாசிப்பான். அப்படி உரத்து வாசித்ததால் நடந்த கதைதான் இது.

ஆவணி மாதம், காலை ஒன்பது மணி இருக்கும். புளியங்கூடலிலிருந்து கமலாதேவி ரெலிபோன் எடுத்தா.

"தம்பி யாக்கோப்பு, குசினிக் கொம்பியூட்டர் இவரைக் காட்டுதில்லை."

"ஆரைக் காட்டுதில்லை அக்கா?"

"இவரைத்தான்."

"எத்தினை நாளா?"

"பதினாறு நாள். கனடாவில இருந்து லவன் சொல்லச் சொல்ல நானும் என்னத்தையெல்லாமோ செய்து பாத்திட்டன். ஏலாமல் கிடக்கு."

"பதினாறு நாளா என்னக்கா செய்தனீங்கள்? எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்று ஏசிக்கொண்டே மோட்டார் சைக்கிளை மிதித்தான். வேறு யாரும் என்றால் பின்னேரம் வாறன் என்று சொல்லியிருப்பான். கமலாதேவியின் புருசன் கதிர்காமுவின் வீடென்றால் அப்படிச் சொல்ல அவனுக்கு நா எழாது. அதற்கு ஒரு கடிதம் காரணம்.

1996இல் யாக்கோப்பு ஊர்காவற்துறைக்குத் தனியாகத்தான் திரும்பி வந்தான். இடம்பெயர்ந்த நெரிசலில் மனைவி அல்போன்சம்மாவும் மகளும் வன்னிப் பக்கம் அள்ளுப்பட்டுப் போய்விட்டார்கள். இருக்கிறார்களோ இல்லையோ என்று சொல்ல ஆளில்லை. ஒன்பது மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் மத்தியானம் தபால்காரர் கதிர்காமு சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு வந்து, வேர்க்க விறுவிறுக்க ஒரு கடிதத்தை நீட்டினார். உறையில் பேரே இல்லை. 'எஞ்சின் திருத்துறவர், ஊர்காவற்துறை'. அவ்வளவுதான்.

எஞ்சின் திருத்துகிறவர்கள் என்று அந்த ஊரில் ஆறு பேர் இருந்தார்கள். ஒருவர் நெடுந்தீவுக்கே போய்விட்டார். பேரில்லாத கடிதத்தை வந்த வழியே திருப்பி அனுப்பியிருக்கலாம். கதிர்காமு பதினொரு நாள் அதைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேட்டார். நெடுந்தீவுக்கும் வள்ளம் ஏறிப் போய்வந்தார். கடைசியாகத்தான் இவனிடம் வந்தார்.

"இது எனக்குத்தான் எண்டு என்னெண்டு அண்ணை பிடிச்சனீங்கள்?" என்று கேட்டான் யாக்கோப்பு. கடிதத்தைப் பிரிக்க அவனுக்குக் கை ஓடவில்லை.

"பேரில்லாமல் வாற கடிதம் பெண்சாதி போட்டது. முப்பது வருசமாப் பாக்கிறன். அந்த ஆறு பேரில பெண்சாதியைத் துலைச்சுப்போட்டு நிக்கிறது நீர் ஒராள்தானே. இதை முதல் நாளே யோசிச்சிருந்தா நெடுந்தீவுக் கடலில குடலைப் புரட்டி அந்தச் சத்தி எடுத்திருக்கத் தேவையில்லை."

அவர் சொன்னது சரி. அல்போன்சம்மாவுக்கு எழுத வராது. முகாமில் ஒரு பெட்டைதான் எழுதிக் கொடுத்தது. உறையில் போட அவரின் பேர் என்ன என்று கேட்டபோது அல்போன்சம்மா வாய் திறக்கவில்லை. புருசன் பேரை எப்படி வாயால் சொல்வது? எஞ்சின் திருத்துறவர் என்று போடு பிள்ளை, அங்கை தெரியும் என்றாளாம்.

அந்தக் கதிர்காமுவுக்குப் போன வருசம் தொண்டையில் ஒப்பரேசன் நடந்தது. நாற்பது வருசச் சுருட்டு. ஆளைக் காப்பாற்றினார்கள், குரலைக் காப்பாற்றவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மாதத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பையும் உடைத்துக்கொண்டார். பகல் முழுக்க யன்னலோரம் சாய்மனைக் கதிரையில்தான். சமைக்கிற குசினியோ வெளி முத்தத்துக்கு அந்தப் பக்கம், தனிக் கட்டடம். கமலாதேவிக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. படி இறங்கி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பா.

மகன் லவன் கனடாவிலிருந்து வந்து நின்றபோது இதற்கு ஒரு வழி செய்துவிட்டுப் போனான். அப்பாவின் கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கொம்பியூட்டர், பென்குயின் படம் வரும் லினக்ஸ். விறாந்தையில் பழைய விண்டோஸ் ஒன்று. குசினியில் மாவுப் பேணிகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்றுக்கும் நீல வயர் இழுத்து ஒரு சின்னப் பெட்டியில் சேர்த்தான். குசினிக்குப் போகும் வயர் உடுப்புக் காயப்போடும் கொடியோடு சேர்ந்தே போகும். அப்பா எதை எழுதினாலும் அவருடைய கொம்பியூட்டர் ஒரு பக்கத்தில் போட்டு வைக்கும். குசினியில் இருக்கிற திரை அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே இருக்கும். புதுசாக எழுதினால் 'டிங்' என்று ஒரு சத்தம்.

இங்கிலீசு எழுத்தில் தமிழ்தான் எழுதுவார். தண்ணி என்று எழுதுவார், மருந்து என்று எழுதுவார். ஆனால் அந்த அளவோடு நின்றாரா? குரல் இருந்த காலத்தில் கதைக்காததையெல்லாம் அதில்தான் கதைத்தார். 'பொரியல் வாசம் வருது, எனக்குக் கஞ்சியோ?' 'சிவக்கொழுந்து வேலிக்கு மேலால எட்டிப் பாக்கிறா, கதை குடாதையும்.' 'உம்மட பாட்டு இஞ்சை வரைக்கும் கேக்குது, நிப்பாட்டும்.' கமலாதேவி குசினியிலிருந்தே உரத்துப் பதில் சொல்லுவா. அயலில் இருக்கிறவர்களுக்கு அவ தனியே கதைக்கிறமாதிரித்தான் இருக்கும்.

இப்போது பதினாறு நாளாக அது இல்லை.

யாக்கோப்பு போனதும் நேரே கதிர்காமுவிடம் போனான். மனிதர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். கதிரையின் கைப்பிடியில் பழைய தபால் சைக்கிளின் மணியைக் கழற்றிப் பூட்டியிருந்தது.

"இது ஆர் பூட்டினது?"

"நான்தான் பூட்டுவிச்சனான்" என்றா கமலாதேவி. "கொம்பியூட்டர் சரிவருமட்டும் மணியை அடியுங்கோ எண்டு. முதல் ரெண்டு நாள் அடிச்சவர். பிறகு அடிக்கிறேல்லை. நேற்றுப் பின்னேரம் வந்து பாக்கிறன், செம்பு காஞ்சுபோய்க் கிடக்கு. எப்ப முடிஞ்சுதோ தெரியாது. கேக்கிறாரில்லைத் தம்பி. ஒண்டும் கேக்கிறாரில்லை." சொல்லிவிட்டு, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று போய்விட்டா.

யாக்கோப்பு மணியை ஒருக்காத் தட்டினான். ட்ரிங் என்றது. பழுதில்லை.

"என்ன அண்ணை, ஊரெல்லாம் அடிச்ச மணி. வீட்டுக்குள்ள அடிக்க வெக்கமோ?"

கதிர்காமு மடியில் கிடந்த கடதாசியில் எழுதி நீட்டினார். தபால்காரக் கையெழுத்து இப்பவும் வடிவாகத்தான் இருந்தது.

'அடிச்சா அடுப்பை விட்டிட்டு ஓடி வாறா. வந்தாப்போலதான் தண்ணி எண்டு தெரியும். திரும்பப் போய் எடுத்துக்கொண்டு வாறா. ஒரு செம்புத் தண்ணிக்கு நாலு தரம் படி. அந்த முழங்காலை நீர் பாத்தனீரோ?'

யாக்கோப்பு அதை வாசித்து முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. செம்பைத் தூக்கிப் பார்த்தான், நிறைந்திருந்தது. வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

முதலில் விறாந்தைக் கொம்பியூட்டர். அப்பாவின் பக்கத்துக்கென்று லவன் வைத்த படத்தை அமத்தினான். உடனே திறந்தது. அதில் கதிர்காமு கடைசியாக எழுதின வரி அப்படியே நின்றது. 'முருங்கைக்காய் அடிப்பிடிக்குது.' பதினாறு நாளைக்கு முந்தின முருங்கைக்காய்.

அப்ப கதிர்காமுவின் கொம்பியூட்டரில் பிழையில்லை, நடுவில் இருக்கிற பெட்டியிலும் பிழையில்லை. குசினிக்குப் போனான். அங்கே இருந்தது புதுசு. பழையதுக்குள் பல்லி புகுந்து, பல்லியும் கருகி அதுவும் கருகி, யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் இதை வாங்கினார்கள். கடைக்காரன் பழையதில் இருந்த படத்தை மட்டும் பத்திரமாக மாற்றிப் போட்டிருந்தான். அதை அமத்தினால் பக்கத்தைத் திறக்க ஏலாது என்று ஒரு வெள்ளைத் திரை வந்தது. யாக்கோப்புக்குப் பழகிய முகம்தான். கெட்ட செய்தி.

"வயரைக் காகம் கொத்தியிருக்குமோ தம்பி?" என்று கேட்டா கமலாதேவி, அகப்பையோடு.

"பொறுங்கோ. காகத்தைப் பிறகு விசாரிப்பம்."

திரையில் கட்டளை அடிக்கிற கறுப்புப் பெட்டியைத் திறந்து கதிர்காமுவின் கொம்பியூட்டருக்கு உரிய நம்பரை அடித்துக் கூப்பிட்டுப் பார்த்தான். நாலு தரம் கூப்பிட்டான், நாலு தரமும் பதில் வந்தது. காகம் குற்றவாளியில்லை. பக்கத்தையே நம்பரால் திறந்து பார்த்தான். திறந்தது. ஆனால் கதிர்காமுவின் எழுத்தில்லை, ஒரு வரி இங்கிலீசு மட்டும் இருந்தது. லவன் அப்படித்தான் கட்டியிருந்தான். நம்பரால் போனால் படலை திறக்கும், ஆளைக் காட்டாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஆள் வெளியில் வரும். பிறகு பேரை அடித்துக் கூப்பிட்டான். கதிர்காமு. அப்படியொரு ஆளைத் தெரியாது என்றது குசினிக் கொம்பியூட்டர்.

"அக்கா, வயர் நல்லம். விலாசமும் தெரியுது. பேர்தான் தெரியேல்லை. இந்தப் பேருக்கு இந்த விலாசம் எண்டு உள்ளுக்கொரு பட்டியல் இருக்கு. அதில எழுதினனீங்களோ?"

"எழுதினனான். லவன் ரெலிபோனில சொல்லச் சொல்ல எழுதினனான். நம்பரை அடியுங்கோ, ஒரு இடைவெளி விடுங்கோ, பிறகு அப்பான்ர பேரை அடியுங்கோ எண்டவன்."

"அடிச்சனீங்களோ?"

"ஓம்."

"வடிவா?"

"ஓம் எண்டுறன். அவனும் பத்துத் தரம் கேட்டவன். நானும் பத்துத் தரம் ஓம் எண்டனான்." இதைச் சொல்லும்போது கமலாதேவி சட்டிக்குள் பார்த்துக்கொண்டு நின்றா. யாக்கோப்பு அதைக் கவனிக்கவில்லை.

பட்டியலைச் சேமிக்கும்போது அதன் பேருக்குப் பின்னால் ஒரு வால் ஒட்டிக்கொண்டால் கொம்பியூட்டர் அதைத் திரும்பியும் பாராது. கனபேர் விடுகிற பிழை. அதைத்தான் சந்தேகப்பட்டான். ஒரு பெட்டிக்குள் ஒரு பெட்டி, அதற்குள் இன்னொன்று என்று உள்ளே உள்ளே போய்ப் பட்டியலைப் பிடித்தான். வாலில்லை. திறந்தான். மேலே முழுக்க இங்கிலீசு, சும்மா அலட்டல். கடைசி வரியில் நம்பர் இருந்தது. 192.168.0.2. ஒரு எண் பிழையில்லை. இடைவெளியும் இருந்தது. அதற்குப் பக்கத்தில் நாலே நாலு எழுத்து.

கதிர்காமு என்று எழுத இங்கிலீசில் எத்தனை எழுத்து வேண்டும் என்று யாக்கோப்புக்குச் சரியாகத் தெரியாது. ஆனால் நாலு காணாது என்று தெரியும். விரலை வைத்துக் கூட்டினான்.

"ஐ... வி... ஏ... ஆர். ஐவர்."

திரும்பக் கூட்டினான். "ஐவர்தான். அக்கா, இஞ்சை ஐவர் எண்டு கிடக்கு. உதென்ன கோதாரி? ஆர் அந்த அஞ்சு பேர்? கடைக்காரன் ஏதும் போட்டு விட்டவனோ?"

கமலாதேவி அகப்பையைச் சட்டியில் வைத்துவிட்டு, எடுத்து, திரும்ப வைத்தா.

"ஐவர் இல்லைத் தம்பி."

"பின்னை?"

"இவர்."

"எவர்?"

"இவர்தான்" என்று தலையை முத்தத்துக்கு அந்தப் பக்கம் அசைத்தா. அறுபத்திரண்டு வயசு முகம் சிவந்துபோய்க் கிடந்தது. "அவன் அப்பான்ர பேரை அடியுங்கோ எண்டு சொல்லிப்போட்டான். அவனுக்கென்ன. என்ர கை போகேல்லை. வாயால சொல்லாத பேரைக் கையால அடிக்கிறது மட்டும் சரியே? வீட்டில இவர் எண்டா இவர்தானே, அதுக்கும் விளங்கும் எண்டு நினைச்சன்."

யாக்கோப்பு அந்த நாலு எழுத்தையும் பார்த்துக்கொண்டு இருந்தான். வாயில் ஒரு பகிடி வந்தது. பதினாறு நாள் அப்பனும் அம்மாவும் தவிக்க, கனடாவில் பெடியன் தலையைப் பிய்க்க, காகத்துக்கும் பழி, எல்லாம் ஒரு வெக்கத்தால் என்று சொல்லியிருக்கலாம். வேறு நாள் என்றால் சொல்லியிருப்பான். ஆனால் 'எஞ்சின் திருத்துறவர், ஊர்காவற்துறை' என்று எழுதின ஒரு உறை அவன் வீட்டு அலுமாரியில், பைபிளுக்குள் இப்பவும் கிடக்கிறது. அல்போன்சம்மா இன்றுவரைக்கும் அவனை இஞ்சாருங்கோ என்றுதான் கூப்பிடுகிறாள். கடற்கரையில் இஞ்சாருங்கோ என்று அவள் கத்தினால் ஏழெட்டு ஆம்பிளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அவனுக்கு மட்டும் அந்தக் குரல் தெரியும்.

கொம்பியூட்டருக்குக் குரல் தெரியாது. அதுதான் பிழை.

"சரி, விடுங்கோ" என்றான். "நீங்கள் சொல்லவும் வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். அந்தப் பக்கம் திரும்புங்கோ."

"ஏன் திரும்ப?"

"நான் பேர் எழுதப் போறன். நீங்கள் பாக்கத் தேவையில்லை."

கமலாதேவி மெய்யாகவே திரும்பி நின்றா. யாக்கோப்பு விறாந்தைக்குப் போய் அங்கே பட்டியலில் இருந்த கதிர்காமுவை ஒரு துண்டில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தான். எழுத்துப் பிசகக் கூடாதே. குசினியில் அந்த வரிக்கு வந்து, 'இவர்' என்பதை அழிக்க விரலை வைத்தான். விரல் அமரவில்லை. ஒரு விலாசத்துக்கு ஒரு பேர்தான் இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, பக்கத்தில் பக்கத்தில் எத்தனையும் எழுதலாம். நம்பருக்குப் பக்கத்தில் கதிர்காமு என்று அடித்தான். ஒரு இடைவெளி விட்டான். 'இவர்' அழியாமல் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. சேமித்து மூடினான்.

படத்தை அமத்தினான். முருங்கைக்காய் அடிப்பிடிக்குது என்று வந்து நின்றது.

"ஐயோ, எங்கை?" என்று கமலாதேவி அடுப்பைப் பார்த்தா. பிறகுதான் விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டா.

யாக்கோப்பு முத்தத்தைக் கடந்து கதிர்காமுவிடம் போனான். கதிரைக்குக் குனிந்து, குசினிக்குக் கேட்காமல், நடந்ததைச் சொன்னான். கதிர்காமு முதலில் கேட்டுக்கொண்டு இருந்தார். ஐவர் என்று தான் வாசித்ததைச் சொன்னபோது அவருடைய நெஞ்சு குலுங்கியது. சத்தமில்லை. மூச்சு முட்டுகிறதாக்கும் என்று யாக்கோப்பு பயந்துபோனான். பிறகுதான் பார்த்தான், மனிதர் சிரிக்கிறார்.

கடதாசியை எடுத்து எழுதினார். 'பேரில்லாமல் வந்தா பெண்சாதி. நான் அப்பவே உமக்குச் சொன்னனான்.'

"சொன்னனீங்கள் அண்ணை. நான்தான் மறந்துபோனன்."

கதிர்காமு கடதாசியைத் தள்ளி வைத்துவிட்டு, பதினாறு நாளைக்குப் பிறகு கொம்பியூட்டர் பக்கம் கதிரையை அரக்கச் சொன்னார், கையால்தான். யாக்கோப்பு அரக்கிவிட்டான். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். கனநேரம் எடுத்தது. கடைசிப் பொத்தானை அமத்திவிட்டு யன்னலுக்கால் குசினியைப் பார்த்தார்.

முத்தத்துக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்றது.

பிறகு கமலாதேவியின் சிரிப்புக் கேட்டது, அடக்கி அடக்கிப் பார்த்து ஏலாமல் வெடித்த சிரிப்பு. வேலிக்கு அந்தப் பக்கம் சிவக்கொழுந்து "என்னக்கா, என்ன?" என்று கேட்டா.

"ஒண்டுமில்லை. இவர்..." என்றா கமலாதேவி.

யாக்கோப்பு தன் சாமான் பையை எடுக்கக் குசினிக்குப் போனபோது திரையில் இருந்ததை எழுத்துக் கூட்டினான். இந்த முறை வாய்க்குள்தான் கூட்டினான்.

'ஆர் உம்மட அந்த இவர்? எனக்குத் தெரியாமல் எத்தினை நாளாக் குசினிக்குள்ள வச்சிருக்கிறீர்? எனக்குத் தண்ணி வேண்டாம், தேத்தண்ணி வேணும். வந்து தரத் தேவையில்லை, யாக்கோப்பிட்டைக் குடுத்து விடும்.'

கமலாதேவி தேத்தண்ணி ஊத்தி முடிய, "தாங்கோ அக்கா, நான் கொண்டுபோறன்" என்று கையை நீட்டினான்.

கமலாதேவி தேத்தண்ணிக் கோப்பையைக் கொடுக்கவில்லை. சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவரில் ஒரு கையை வைத்து, படியில் ஒவ்வொன்றாய் இறங்கி, முத்தத்தில் வெயிலுக்குள்ளால் தானே கொண்டுபோனா.